பல்லுக்கு மேலே ஓர் இடம்

"நாக்கைக் கொஞ்சம் மேல தூக்குங்க அங்கிள். பல்லுல வேண்டாம். பல்லுக்கு மேல, ஈறு ஆரம்பிக்கற இடத்துல தொடுங்க" என்றாள் பல் டாக்டர்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, மாடியில் இருக்கிறது அந்த கிளினிக். மேல் வரிசையில் எனக்கு மிச்சமிருந்த முன்பற்களும் ஆட்டம் கண்டுவிட்டதால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் செட்டு வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன்னால் ஏதோ அளவு பார்த்தாள். என் பேத்தி வயதுதான் இருக்கும். அவள் சொல்லி முடிப்பதற்குள் என் நாக்கு அந்த இடத்தில் போய் நின்றுவிட்டது.

"அட, கரெக்டா வெச்சுட்டீங்களே! இதைச் சொல்லிப் புரியவைக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிரும்" என்றாள்.

அந்த இடத்தைத் தேடி ஒரு காலத்தில் அலையாய் அலைந்தவன் நான், தாயே, என்று சொல்லத்தான் ஆசை. வாய்க்குள் அவள் விரல் இருந்ததால் முடியவில்லை. இந்த வயதில் நம்மைப் பாராட்ட ஆள் கிடைப்பது அபூர்வம், அதுவும் நாக்கை. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெருமைக்குப் பின்னாலேயே பழைய எரிச்சல் ஒன்றும் வந்து நின்றது. சுகுமாரன் ஞாபகம் வந்துவிட்டான்.

கிளினிக்கில் கிராம்புத் தைல வாசனை. எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியிலும் இதே வாசனைதான் அடிக்கும். டிஸ்பென்சரி என்றால் ஒரே அறை, ஒரே பெஞ்சு, ஒரே கம்பவுண்டர். காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மிக்ஸ்சரைக் கொடுப்பார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மருந்து வேறுதான், நிறம்தான் ஒன்று என்பார் அவர். அவரேதான் எங்கள் பேண்டுக்கும் மாஸ்டர். ஊரைப் பார்க்கக் கிளம்பிய வெள்ளைக்கார மேனேஜர் யாரோ விட்டுப்போன வாத்தியங்கள் அவை. இரண்டு கார்னெட், வயிறு பெருத்த குழல் ஒன்று, பெரிய டிரம் ஒன்று, சின்ன டிரம் ஒன்று. எல்லாம் நசுங்கல். நசுங்கலை ஃபாக்டரி ஃபிட்டர்கள் தட்டித் தட்டி எடுத்ததில் வேறு இடங்களில் நசுங்கியிருந்தன.

கார்னெட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். டிரம்பெட்டுக்குத் தம்பி மாதிரி, கொஞ்சம் குட்டையாக இருக்கும். பொத்தான் மூன்றே மூன்று. பார்க்கிறவர்கள் எல்லோரும் விரலைத்தான் பார்ப்பார்கள். விரலில் என்ன இருக்கிறது? உதடு துடித்தால் சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வெட்டி வெட்டி ஒவ்வொன்றாகக் கொடுப்பது நாக்கு. நாக்கு சரியில்லை என்றால் எல்லாம் கூழாகிவிடும். ஆனால் நாக்கு செய்யும் வேலையை எவனும் பார்க்க முடியாது. என் துன்பம் முழுவதும் அதில்தான் இருந்தது.

கம்பவுண்டரிடம் முன்பக்கம் கிழிந்துபோன இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருந்தது. "ஒவ்வொரு சுரத்தையும் 'து'ன்னு சொல்லி ஆரம்பிக்கோணும்னு போட்டிருக்குது. சொல்லுங்க பாக்கலாம்" என்பார். காலையில் ஆள் பேர் போடும் மஸ்டர் ஷெட்டில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து "து, து, து" என்போம். மஸ்டர் ஷெட்டைத் தாண்டிப் போகிற பெண்கள், "என்னத்துக்கு இப்படித் துப்பறாங்க?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். இங்கிலீஷ்காரன் வாயில் அந்தச் சத்தம் எங்கே பிறக்கிறது என்று கம்பவுண்டருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நாங்கள். நாங்கள் 'து' சொன்னால் நாக்கு பல்லின் மேல் போய் அப்பிக்கொள்ளும். கார்னெட்டில் அது ஈரச்சாக்கைக் கீழே போட்ட மாதிரி 'தொப்' என்று வரும். எல்லோருக்கும் தொப்பென்றே வந்ததால் அதுதான் கார்னெட்டின் குரல் என்று நம்பியிருந்தோம். தொப்புகளில் நல்ல தொப்பு என்னுடையது. அதனால் நான்தான் முதல் கார்னெட்.

முதல் கார்னெட் என்றால் சும்மா இல்லை. மாரியம்மன் நோன்பி அன்று விடியற்காலையில் கீழ் டிவிஷன் ஓடையில் ஜோடித்த கரகம் தேயிலைக்குள் இருக்கும் ஒற்றையடிப் பாதையில் மேலே வரும். அந்த மாதத்தில் விடியலில் மேகம் இறங்கிவிடும். முன்னால் போகிறவன் முதுகு தெரியாது. பாதையில் வளைவுக்கு வளைவு பள்ளம். அதனால் எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முதல் கார்னெட் எல்லோருக்கும் முன்னால் தனியாகப் போக வேண்டும். பாதை நேராக இருந்தால் நீளமாக ஊத வேண்டும். வளைவு வந்தால் சுரங்களைப் பொடிப்பொடியாக, வேகமாக உதிர்க்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் பூசாரி கரகத்தோடு கால் வைப்பார், அவருக்குப் பின்னால் ஜனம் வரும். கோயில் சேர்ந்ததும் பூசாரிக்கு அடுத்த மாலை கார்னெட்டுக்கு. ஃபாக்டரியில் தேயிலையைச் சலிக்கும் சலிப்பு ரூமில் நாள் முழுக்கத் தூளைச் சுவாசித்துத் தும்முகிற எனக்கு, அந்த ஒரு காலையில் எஸ்டேட்டே பின்னால் வரும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஊதும்போது பின்னாலிருந்து, "வளவா, நேருங்களா?" என்று சத்தம் போட்டுக் கேட்பார்கள். என் பொடிச் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளச் சுரமாகவே கேட்கும். நானும் கார்னெட்டை இறக்கிவிட்டு, "வளவு, வளவு!" என்று கத்துவேன். அதுவும் சடங்கில் ஒரு பகுதி என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

இப்படி இருக்கையில்தான் ஃபாக்டரிக்குப் புது ஃபிட்டராகச் சுகுமாரன் வந்து சேர்ந்தான். கூடலூர்ப் பக்கம் தேவாலாக்காரன். அப்பா தமிழ், அம்மா மலையாளம். தலையில் தேங்காய் எண்ணெய் மினுங்கும். மீசையை ஒரு கோடு மாதிரி வைத்திருப்பான். தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். அங்கே பள்ளிக்கூட பேண்டில் ஊதியிருக்கிறானாம். முதல் நாள் மஸ்டர் ஷெட்டுக்கு வந்து இரண்டாவது கார்னெட்டை எடுத்து, சட்டையில் துடைத்து, மவுத்பீஸைக் கொஞ்ச நேரம் அக்குளில் வைத்துக் குளிர் போக்கினான். நாங்களும் அப்படித்தான் செய்வோம். அதற்குப் பிறகு அவன் செய்தது எங்களில் யாரும் செய்யாதது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, விளிம்பு கூராக, விழுந்தது. வேகம் கூட்டினான், அப்போதும் ஒட்டவில்லை. கம்பவுண்டர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். காதுக்குக் கண்ணாடி எதற்கு என்று எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

"நல்லாத்தான் ஊதறீங்க" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பொறாமை என்று எழுதினால் நாகரிகமாக இருக்கிறது. வயிற்றெரிச்சல் என்பதுதான் சரியான சொல். விலாவுக்குக் கீழே இடப்பக்கமாகத் தொடங்கி மேலே ஏறும். அதோடு அன்று சாயங்காலம் எஸ்டேட்டில் எங்களுக்குக் கொடுத்திருந்த லைன் வீட்டுக்குப் போனேன். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சரசு வாசலில் நின்று காத்திருந்தாள்.

"ஏனுங்க, இன்னைக்கு ரொம்ப நல்லா ஊதுனீங்க. நம்மூட்டுத் தகரத்து மேல மழ வுழுந்தாப்பல ஒவ்வொண்ணும் தனித்தனியா கேட்டுச்சுங்க" என்றாள்.

"அது நானில்ல."

"ஓ" என்றாள். பிறகு, "அப்ப ஆருங்க அது?" என்றாள்.

அந்த 'ஓ' இருக்கிறதே, அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் ஊதியதைக் கேட்டு அவள் ஒன்றும் சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து அவன் வாயே என் கவலையாகிவிட்டது. ஊதும்போது அவன் கன்னத்தைப் பார்ப்பேன், தொண்டையைப் பார்ப்பேன். உதட்டுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. அவன் வெற்றிலை போடுவதில்லை என்று கவனித்து நானும் நிறுத்தினேன். பச்சைமிளகாயை விட்டேன். நாக்கைக் காலை மாலை வழித்தேன். ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் பெரிய விசிறிகள் ஓடும்போது யாருக்கும் ஒன்றும் கேட்காது. பச்சை இலை வாசனைக்கு நடுவில் அங்கே ஒளிந்துகொண்டு ஊதுவேன். வேகமாக அடிக்கப் போய் நாக்கைக் கடித்துக்கொண்டதுதான் மிச்சம். "ரசத்துல காரம் தூக்கலுங்களா?" என்று சரசு கேட்டாள். ஆமாம் என்று பழியை ரசத்தின் மேல் போட்டேன்.

ஒரு நாள் அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனான். எனக்கும் திடீரென்று தலைவலி வந்தது. கம்பவுண்டர் தட்டைக்கரண்டியை எடுத்து, "ஆ காட்டு" என்றார். அவன் காட்டினான். நான் அவர் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தேன்.

"நீ எதுக்குப்பா எட்டிப் பாக்கற? என் வேல வேணுமா உனக்கு?" என்றார்.

சாதாரண நாக்கு. வெள்ளையாக மாவு பூத்திருந்தது. என் நாக்கு இதைவிடச் சுத்தம். அதைப் பார்த்துவிட்டு வந்தபிறகு எரிச்சல் இன்னும் கூடியது.

கடைசியில் வெட்கத்தை விட்டுவிட்டு டீ நேரத்தில் அவனிடமே கேட்டேன். "ஏனுங்க சுகுமாரன், ஊதறப்ப நாக்க எங்க வெக்கறீங்க?"

"நாக்கோ? வாயிலதான் சேட்டா" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என்னைவிட ஒரு வயது மூத்தவன் அவன், என்னைச் சேட்டா என்பான்! பிறகு யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அதொண்ணும் நான் பாத்திட்டில்லா. ஊதுவேன், வரும்" என்றான்.

ஒளிக்கிறான் என்றுதான் நினைத்தேன். ஒளித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நோன்பிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கம்பவுண்டர் என் முகத்தைப் பார்க்காமல், "இந்த வருஷம் சுகுமாரன் முன்னால போகட்டும்" என்றார். நான் டிரம்காரர்களோடு கடைசியில் நடந்தேன். மேகம் அன்று இறங்கிய மாதிரி அதற்கு முன்னால் இறங்கியதில்லை, மேகமும் அவன் கட்சி. முன்னால் எங்கிருந்தோ நீளமாக ஒரு சுரம் வரும், திடீரென்று பொடிப்பொடியாக உடையும், உடனே எல்லோரும் ஒரு பக்கம் ஒதுங்குவார்கள். தூக்குப்போசியில் பாயசம் எடுத்து வந்த கிழவிகூடத் தடுமாறவில்லை. யாரும் "வளவா, நேருங்களா?" என்று கேட்கவில்லை. அவன் நன்றாக ஊதியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்த ஜனம் வாயைத் திறக்காமல் நடந்து போனதைத்தான் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு மிஞ்சியது ஒரே வித்தை, அவன் பேச்சை அப்படியே பேசிக்காட்டுவது. அவன் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவான். "இந்நு காற்று கூடுதலாணு. பெல்ட்டு மாற்றாம பற்றில்லா" என்பான், ஃபாக்டரி மெஷினைத் தட்டிக்கொண்டு. பற்றில்லா என்றால் முடியாது. நாங்கள் காத்து என்போம், மாத்து என்போம். அவன் வாயில் அது வேறு விதமாக, சுள்ளென்று தெறிக்கும். நான் மீசையை நீவிக்கொண்டு, "காற்று பற்றில்லா" என்றால் சலிப்பு ரூம் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். சுகுமாரனே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, "எங்க அம்மா பேசற மாதிரியே உண்டு" என்று சிரித்தான். அவனைக் கோபப்படுத்தக்கூட என்னால் முடியவில்லை.

ஒரு நாள் டீ நேரத்தில் அந்த வேடிக்கையை நடத்திவிட்டு, சிரிப்பு அடங்குவதற்கு முன்னால் மாடிக்கு ஏறினேன். வாய்க்குள் "பற்றில்லா, பற்றில்லா" என்று ஓடிக்கொண்டே இருந்தது. அப்படியே கார்னெட்டை எடுத்து உதட்டில் வைத்து ஊதினேன்.

யார் ஊதியது என்று திரும்பிப் பார்த்தேன். விசிறியும் இலையும்தான் இருந்தன.

மறுபடி ஊதினேன். தொப் இல்லை. விளிம்போடு, கூராக வந்தது. கார்னெட்டை இறக்கிவிட்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் வழக்கப்படி 'பத்து' என்றால் நாக்கு அகலமாகப் பல்லில் அப்பியது. 'பற்றில்லா' என்று அவன் மாதிரி சொன்னால், நாக்கின் நுனி மட்டும் பல்லை விட்டு ஒரு நெல் அளவு மேலே, ஈறு தொடங்கும் இடத்தில் தொட்டுவிட்டு ஓடிவந்தது. அவ்வளவுதான். அந்த நெல் அளவுதான் அவனுக்கும் எனக்கும் நடுவில் இருந்த தூரம்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் குதித்தேன் என்று எழுத ஆசைதான். அந்த நிமிஷத்தில்தான் என் பொறாமை முழுசாகப் பழுத்தது. அவன் ஒளிக்கவில்லை. அவனுக்கே தெரியாது. நான் வெற்றிலையை விட்டு, மிளகாயை விட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு தேடியதை, அந்த ஆள் சின்ன வயதில் அம்மாவிடம் சோறு கேட்கும்போதே செய்துகொண்டிருந்திருக்கிறான். பாடுபட்டு முன்னேறியவனைப் பார்த்தால் நாமும் பாடுபடலாம். அம்மாவோடு வந்ததற்கு என்ன செய்ய? அவினாசிப் பக்கத்தில் பிறந்து, எனக்குக் காத்து என்று சொல்லிக்கொடுத்த என் அம்மா மேல்கூட அன்றைக்குக் கொஞ்சம் வருத்தம் வந்தது. பாவம், அவளுக்குக் கார்னெட் என்றால் என்னவென்றே தெரியாது.

யாரிடமும் சொல்லவில்லை. வருஷம் முழுக்க மாடியில் ஊதினேன். மஸ்டர் ஷெட்டில் மட்டும் பழையபடி தொப்பென்று ஊதுவேன். அடுத்த நோன்பிக்கு ஆள் குறிக்கும் நாளில், கம்பவுண்டர் முன்னால், அவனுக்குப் பக்கத்தில் நின்று ஊத வேண்டும். அவன் முகம் மாறுவதை நான் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது மாலைகூட இல்லை, அந்த முகம்தான்.

ஆள் குறிப்பதற்குச் சில நாள் முன்னால் அவன் பெட்டியும் கையுமாக லைனுக்கு வந்தான். அம்மாவுக்கு முடியவில்லையாம். தேவாலாவிலேயே ஒரு ஃபாக்டரியில் வேலை சொல்லியிருக்கிறார்களாம். "இனி முன்னால நீங்கதன்னே சேட்டா" என்று என் தோளைத் தட்டினான். சரசு அவனுக்குக் காப்பி கொடுத்தாள். நானும் என் டம்ளரில் இரண்டு வாய் குடித்தேன். "கொஞ்சம் இருங்க, ஒண்ணு ஊதிக் காட்டறேன்" என்று நாக்கு நுனிவரை வந்தது. கூடலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டான்.

அந்த வருஷம் நான் முன்னால் போனேன். மேகம் இறங்கியிருந்தது. நேருக்கு நீளமாக ஊதினேன், வளைவுக்குப் பொடியாக உதிர்த்தேன். பின்னாலிருந்து ஒரு சத்தம் இல்லை. "வளவா, நேருங்களா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் அத்தனை ஜனமும் பேசாமல் வருவதைக் கேட்டுக்கொண்டே ஊதினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோயில் சேர்ந்ததும் பூசாரி மாலை போட்டார். மேகத்துக்குள் சரசு மாவிளக்குத் தட்டோடு வேகவேகமாக என்னைத் தேடி வந்தாள். பக்கத்தில் வருகிறவரை அவளுக்கு என் கழுத்து மாலை தெரிந்திருக்காது.

"ஏனுங்க, அந்தத் தேவாலாக்காரர் திரும்பி வந்துட்டாருங்களா?" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

பிறகு மாலையைப் பார்த்தாள். "ஓ" என்றாள்.

"ஆமா, வந்துட்டாரு" என்றேன் நான்.

இப்போது அந்த ஃபாக்டரி ஓடவில்லை. இலையை லாரியில் ஏற்றி வேறெங்கோ கொண்டுபோகிறார்கள். மஸ்டர் ஷெட் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மேனேஜர் பங்களா டூரிஸ்ட்டுகள் தங்கும் இடமாகிவிட்டது. அதன் முன்ஹாலில் எங்கள் கார்னெட் ஒன்றை ஆணியில் மாட்டி, வாயில் பிளாஸ்டிக் பூ சொருகியிருக்கிறார்கள். நான் ஊதியதா அவன் ஊதியதா என்று பார்த்தேன், தெரியவில்லை. கரகம் தார் ரோட்டில் வருகிறது. முன்னால் ஸ்பீக்கர் கட்டிய வேன் போகிறது. வளைவு நேர் எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

நேற்றுச் செட்டு மாட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தால் யாரோ பணக்காரன் மாதிரி இருக்கிறேன். சரசுவும் நானும் கோத்தகிரி பஸ்ஸில் திரும்பினோம். என் நாக்கு பழக்கத்தில் மேலே போனது. வழவழவென்று பிளாஸ்டிக். ஈறு இருந்த இடத்தை முழுவதும் மூடிவிட்டார்கள். தொடுகிற மாதிரி இருந்தது, தொட்டது தெரியவில்லை.

"ஏனுங்க" என்றாள் சரசு ஜன்னல் பக்கமிருந்து. "அந்தத் தேவாலாக்காரருக்கு இப்பப் பல்லெல்லாம் இருக்குமுங்களா?"

இத்தனை வருஷத்துக்குப் பிறகும்! "இருக்காது" என்றேன். புதுச் செட்டில் அது குழறிக்கொண்டு வந்தது.

பஸ் ஒரு வளைவில் ஏறியது. டிரைவர் ஹாரனை நீளமாக அழுத்தினார். வளைவுக்கு நீளமாக ஊதக் கூடாது ஐயா, பொடியாக ஊத வேண்டும் என்று என்னையறியாமல் நாக்கு எழுந்து, பிளாஸ்டிக்கில் வழுக்கி விழுந்தது.

"இருக்கோணும்" என்றேன்.

"என்னதுங்க?"

"பல்லு. அந்த ஆளுக்கு. அத்தனையும் இருக்கோணும்."

சரசு என்னை விசித்திரமாகப் பார்த்தாள். இருந்தால் எனக்கு வயிறு எரியும், அது தெரியும். ஆனால் என் வாயில் அந்த இடத்தை மூடியாயிற்று. இன்னும் எங்காவது அது மிச்சம் இருக்கிறதென்றால், அவன் வாயில்தான் இருக்கிறது.